நாற்பத்தெட்டும் ஒன்றாக விழித்தபோது

இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில், உள்துறைமுகத்தைப் பார்த்த இரண்டு அறைகளில், நாங்கள் மூன்று பேர் ஒரு கணினிச் சிப்பின், அதாவது செயலியின், உள்வீதிகளை வரைந்துகொண்டிருந்தோம். கீழே கட்டடக் கம்பி வெட்டும் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். மேலே நாங்கள் இழுத்த கம்பிகளின் அகலம், ஒரு தலைமயிரை இரண்டாயிரமாகக் கிழித்தால் அதில் ஒரு கீற்று. அவை திரையில் மட்டுமே இருந்தன. உண்மையான சிப்பைச் செய்யும் ஆலை தாய்வானில், எங்கள் தலைமை அலுவலகம் இன்னொரு நாட்டில். எங்களிடம் இருந்தவை மூன்று மேசை, ஐந்து கதிரை, பழையதாக வாங்கிய எட்டு இயந்திரங்கள், அவற்றில் எல்லாமாக நாற்பது காற்றாடிகள். கடற்காற்றின் உப்பு அந்தக் காற்றாடிகளைத் தின்றுகொண்டிருந்தது. காலையில் வந்ததும் முதலில் அவற்றை எண்ணுவேன். நாற்பதும் சுழன்றால்தான் எனக்குத் தேநீர் இறங்கும்.

நாங்கள் செய்தது சேர்வர் செயலி. பெரிய கட்டடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் இயந்திரங்களுக்குள் இருப்பது. ஒருவர் கைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், இன்னொருவர் கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் பதிகிறார். அந்தக் கேள்விகள் போய்ச் சேருகிற இடம் அது. ஒரு செயலிக்குள் ஒரே மாதிரியான பல கோர்கள் இருக்கும். ஒவ்வொரு கோரும் தனியே கணக்குப் பார்க்கக் கூடியது. ஒன்று மாற்றிய எண் மற்றவற்றுக்குத் தெரிய வேண்டும். அதற்காக அவற்றுக்கிடையே வீதிகள் வேண்டும். அந்த வீதிகள்தான் திருகோணமலைக்கு வந்த வேலை.

நான் இந்தத் தொழிலில் வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வுக்காக ஊருக்கு வந்தவன். பழைய சகா ஒருவர் சிறிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பணிப்பாளராகி, என்னை அழைத்தார். எனக்கு வயதாகிவிட்டது, காலையில் மூன்று குளிசை, இரவில் நான்கு என்று சொன்னேன். நீ எண்ணுவதை நிறுத்திவிட்டாயா என்று கேட்டார். என் வேலை நேரக் கணக்கு. ஓர் இடத்திலிருந்து புறப்படும் மின்சமிக்ஞை, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள் மற்ற இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. சேராவிட்டால் கம்பியைக் குறுக்க வேண்டும், அல்லது வடிவமைத்தவரோடு சண்டை போட வேண்டும்.

நான் சண்டை போட்ட வடிவமைப்பாளர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண். பொறியியல் படித்து, கொழும்பில் ஒன்பது வருடம் இதே துறையில் இருந்தவர். அவருடைய உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டுத்தான் பணிப்பாளரிடம் இங்கே ஓர் அலுவலகம் போடலாம் என்று சொன்னேன். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து போகக் கூடிய தூரத்தில், அவர் கற்ற வேலையைச் செய்ய இந்த இரண்டு அறைகளை விட்டால் வேறு இடம் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தச் செயலி விற்றால் அடுத்ததும் எங்களுக்கு வரும். விற்காவிட்டால் அறைகளைப் பூட்ட வேண்டும்.

மூன்றாமவர் கிளிவெட்டி என்ற ஊர்க்காரர். சோதனைகளை எழுதி ஓட்டுவது அவர் பொறுப்பு. முப்பது வயது தாண்டியவர், வாய் ஓயாதவர். அந்தப் பெண்ணைவிட ஒரு வயது குறைவு என்பதால் அவரை, அக்கா என்ற பொருளில், ராத்தா என்று கூப்பிடுவார். அவர் பதிலுக்குத் தம்பி என்பார்.

முதலில் திட்டமிட்டது அறுபத்திநான்கு கோர்கள். வெப்பக் கணக்கு இடிக்கவே நாற்பத்தெட்டாகக் குறைத்தார்கள். கோர்களை வேறொரு நிறுவனத்திடம் உரிமை பெற்று வாங்கினார்கள், எல்லோரும் செய்வதுதான். அவற்றை எட்டு வரிசையில் வரிசைக்கு ஆறாக வைத்து, நடுவே நாங்கள் வீதி போட்டோம். வீதிச் சந்திகளில் சில காவல் முனைகள். எந்த எண்ணின் பிரதி எந்தக் கோரிடம் இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பது அவற்றின் வேலை. ஒரு கோருக்கு ஓர் எண் வேண்டும் என்றால் அதற்குரிய காவல் முனையிடம் கேட்கும். பலர் ஒரே நேரத்தில் கேட்டால் காத்திருக்க ஒவ்வொரு முனையிலும் ஒரு வரிசை. அந்தப் பெண் அந்த வரிசையில் முதலில் அறுபத்திநான்கு இடம் வைத்திருந்தார். கடிகாரத் துடிப்புக்குள் அது வரவில்லை. நானும் அவரும் சேர்ந்து பார்த்து, முப்பத்திரண்டு என்று முடிவானது.

எனக்கு நிம்மதி இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் அவரிடம் கேட்டேன்: "பிள்ளை, நாற்பத்தெட்டுப் பேர், முப்பத்திரண்டு கதிரை. மிச்சம் பதினாறு பேரும் எங்கே நிற்கிறது?"

"பிறகு வா எண்டு சொல்லி அனுப்புவம் சேர். கலியாண வீட்டுப் பந்தி மாதிரித்தான்."

"உங்கட ஊர்ப் பந்தியில ஆர் ராத்தா ஆளைத் திருப்பி அனுப்புறது?" என்றார் கிளிவெட்டிக்காரர். "ஆறு பேர் சுத்தி இருந்து தின்னுற ஒரு சஹன் தட்டில எட்டுப் பேரை இருத்திப்போடுவாங்கள்."

"நீ வந்தா ஒன்பதாவது ஆள் தம்பி. எலும்புதான் மிஞ்சும்."

இடம் இல்லாவிட்டால் பிறகு வா என்று பதில் போகும், கேட்ட கோர் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்கும். இந்தத் தொழிலில் இது வழமையான முறை. பிழை இருக்கவில்லை. நான் ஏற்றுக்கொண்டேன்.

சிப்பைச் செய்யக் கொடுப்பதற்கு முன் அதைக் கணினியில் முழுதாக நடத்திப் பார்க்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் இருந்த கருவிகளில் எட்டுக் கோர்கள் கொண்ட சின்ன மாதிரிதான் ஓடும். அது வேகமானது. நாற்பத்தெட்டையும் சேர்த்து ஓட்டும் முழு மாதிரி எங்கள் எட்டு இயந்திரங்களில் ஓடியது; ஆமை வேகம். உண்மையில் ஒரு வினாடிக்குள் முடிகிற காரியத்துக்கு எங்களுக்கு நாட்கணக்கு.

அந்த வேளையில்தான் மின்வெட்டு வந்தது. பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் இருந்த காலம். தினமும் பல மணி நேரம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. பற்றறி இருபது நிமிடம் தாங்கும். அந்த இருபது நிமிடத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை அப்படியே படம் பிடித்ததுபோலச் சேமித்து, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் முறை ஒன்றைக் கிளிவெட்டிக்காரர் ஒழுங்குசெய்தார். எங்கள் அலுவலகம் அதில்தான் பிழைத்தது. மின்வெட்டு அட்டவணை சுவரில் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் பஸ் எடுப்பது, சோறு வாங்குவது, சோதனை தொடங்குவது எல்லாம்.

ஒரே ஒரு வகைச் சோதனைக்கு மட்டும் இந்த முறை சரிவரவில்லை. சேர்வருக்கு வேலை இல்லாதபோது கோர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும், மின்சாரம் மிச்சப்படும். உறங்கும்போது அவற்றின் கடிகாரம் நிற்கும். கடிகாரம் நின்ற நிலையைச் சேமித்தால் திரும்ப எழும்பாது, கருவி அப்படி. ஆகவே நாற்பத்தெட்டும் ஒன்றாக உறங்கி ஒன்றாக விழிக்கும் சோதனைக்கு இடைவிடாமல் ஒன்றரை நாள் கரண்ட் வேண்டும். திருகோணமலையில் அப்போது எந்த வீட்டிலும் அப்படிக் கரண்ட் இருக்கவில்லை. அந்தச் சோதனையை எட்டுக் கோர்ச் சின்ன மாதிரிக்கு மாற்றினோம். அது இரண்டு மின்வெட்டுகளுக்கு இடையில் முடிந்துவிடும். தலைமை அலுவலகத்துக்கு எழுதினோம், சரி என்று பதில் வந்தது. ஓட்டினோம், தேறியது. திரையில் அந்த வரி பச்சையாக மாறியது.

சில மாதங்களில் கரண்ட் ஒழுங்குக்கு வந்தது. சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்தோம். எங்களுக்குக் கரண்ட் வந்த சந்தோஷத்தில் மறதி; தலைமை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சோதனை ஏன் சின்னதானது என்பதே நினைவில்லை. ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் சோதனைகளில் சிவப்பாக இருந்தவற்றைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பச்சையை யார் திரும்பப் பார்ப்பது?

வடிவமைப்பை ஆலைக்கு அனுப்பிய நாளில் சோற்றுப் பார்சல் எடுத்துச் சாப்பிட்டோம், அவ்வளவுதான் கொண்டாட்டம். ஒரு பருவம் கழித்து மாதிரிச் சிப்புகள் தலைமை அலுவலகத்துக்கு வந்தன. முதல் நாளே ஒரு கோர் ஓடியது, பிறகு நினைவகம், பிறகு நாற்பத்தெட்டும். என் அனுபவத்தில் இதற்கு முன் பதினொரு செயலிகள். அவற்றில் இரண்டுதான் முதல் வாரத்தில் இவ்வளவு தூரம் வந்தவை. எங்களுக்கும் ஒரு சிப்பைப் பலகையில் பொருத்தி அனுப்பினார்கள். கொழும்புச் சுங்கத்தில் கிடந்து வந்தது. அந்தப் பெண் அதைத் தன் மேசையில் வைத்து, கூரையிலிருந்து வௌவால் எச்சம் விழாமல் இருக்கச் சோற்றுப் பெட்டி மூடி ஒன்றைக் கட்டிவிட்டார். பணிப்பாளர் அடுத்த செயலியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தார். தொண்ணூற்றாறு கோர்கள், வீதிகள் மறுபடி நாங்கள்.

பிறகு பெரிய வாடிக்கையாளரிடமிருந்து முறைப்பாடு வந்தது. அவர்கள் நூற்றுக்கணக்கில் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். வேலை குறைந்த நேரங்களில் ஏதாவது ஓர் இயந்திரம் அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி இல்லை. மின்னை நிறுத்திப் போட்டால் மீண்டும் நன்றாக ஓடுகிறது.

மூன்று கிழமை யாருக்கும் பிடிபடவில்லை. எங்கள் மேசையில் இருந்த சிப்பை வேலையே கொடுக்காமல் சும்மா விட்டுப் பார்க்கலாம் என்று அந்தப் பெண்தான் சொன்னார். இரண்டாம் நாள் பின்னேரம் அது நின்றது. திரையில் எழுத்து உறைந்திருந்தது, காற்றாடி மட்டும் சுழன்றது. அவர் சோதனைப் பட்டியலைத் திறந்து, எல்லாக் கோர்களும் உறங்கி விழிக்கும் சோதனையைத் தேடினார். பச்சை. அதைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"சேர், இது எட்டுக் கோர் மாதிரி."

"கரண்ட் இல்லாத நேரம் மாத்தினது," என்றார் கிளிவெட்டிக்காரர்.

"திருப்பி மாத்தினனாங்களா?"

கிளிவெட்டிக்காரர் எழும்பி, எட்டு இயந்திரங்களும் ஓடுகின்றனவா என்று பார்க்கப் போனார்.

முழு மாதிரியில் அதை அன்றே தொடங்கினோம். அந்த ஒன்றரை நாளில் கரண்ட் ஒருமுறைகூடப் போகவில்லை. சிப் நின்ற அதே இடத்தில் சோதனையும் நின்றது. நாற்பத்தெட்டும் ஒரே துடிப்பில் விழித்து, ஒரே எண்ணைக் கேட்டு, ஒரே காவல் முனைக்கு ஓடியிருந்தன. முப்பத்திரண்டு வரிசையில் இருந்தன. பதினாறு வீதியில் நின்றன. பிறகு வா என்ற பதில் போக வேண்டிய வீதியும் அதுவே. பதில் வெளியே வர முடியாது, வராதவரை அவை நகரா. எட்டுக் கோர்களோடு எத்தனை வருடம் ஓட்டினாலும் முப்பத்திரண்டு இடம் நிரம்பாது.

"மூதூருக்குப் போற லோஞ்ச் படகு மாதிரி," என்றார் கிளிவெட்டிக்காரர், திரையைப் பார்த்தபடி. "ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் ஒரே பலகை. இடமில்லை எண்டு சொல்ல வாறவனுக்கு, ஏற நிக்கிறவன் வழி விடமாட்டான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை.

திருத்தம் பெரியது அல்ல. பதில்களுக்கென்று ஒடுக்கமான தனி வீதி ஒன்று போட வேண்டும். சிப்பின் மேல் அடுக்குகளில் அதற்கு இடம் இருந்தது. அந்தப் பெண் இரண்டு கிழமையில் வரைந்துவிட்டார். நேரக் கணக்கை நான் மூன்று தடவை பார்த்தேன், தாராளமாக வந்தது. முழு மாதிரியில் ஓட்டினோம், நாற்பத்தெட்டும் உறங்கி எழும்பின. சிப்பின் ஒவ்வோர் அடுக்கையும் ஒளியால் அச்சிட ஆலையில் வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகள் எழுபதுக்கு மேல். அவற்றில் நான்கை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். அந்த நான்குக்கே இப்படி ஒரு சிறிய நிறுவனம் மூச்சுப் பிடிக்க வேண்டிய செலவு. முதலீட்டாளர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் பணிப்பாளர்.

நாங்கள் காத்திருந்தோம். எனக்கு நித்திரை போனது. ஜன்னலில் நின்று நங்கூரமிட்ட கப்பல்களை எண்ணிவிட்டு, ஐந்து நிமிடத்தில் திரும்ப எண்ணுவேன். அந்தப் பெண் வழமைபோல வந்து போனார். ஒரு முறை மட்டும் கேட்டார், கண்ணாடி நான்கும் செய்தால் அடுத்த செயலியும் நிச்சயம்தானே என்று. ஓம் என்றேன். அது பொய் அல்ல. திருத்திய சிப் வாடிக்கையாளரிடம் போனால் நாங்கள் இருப்போம்.

அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு வேண்டுகோள் வந்தது. கண்ணாடி மாற்றாமல், மென்பொருளால் மட்டும் இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறதா? வாடிக்கையாளரை அதுவரை பிடித்து வைக்க வேண்டும், தற்காலிகமாகத்தான்.

வழி இருந்தது. கோர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக உறங்க விடாமல் எப்போதும் பதினாறை விழிப்பில் வைத்திருந்தால், ஒரே துடிப்பில் எழும்பக் கூடியவை முப்பத்திரண்டுக்கு மேல் போகாது. சிப் நிற்காது. ஆனால் வேலை இல்லாத நேரத்திலும் பதினாறு கோர்கள் மின்னைக் குடித்துக்கொண்டிருக்கும். சேர்வர் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த மின்னைத்தான். இது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மலிவான வழி ஒன்று கையில் இருந்தால் நான்கு கண்ணாடிக்கு யாரும் செலவழிக்கமாட்டார்கள் என்பதும் விளங்கியது.

கிளிவெட்டிக்காரர் கதிரையை இழுத்து அந்தப் பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "ஏலாது எண்டு எழுதுங்க ராத்தா. மென்பொருளால ஏலாது. அவங்கள் வீதியைப் பற்றி என்ன கண்டாங்கள்? கண்ணாடி செய்யத்தான் வேணும் எண்டு வரும்."

"ஏலும் எண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடி ஏலாது எண்டு எழுதுறது?"

"உங்கட உம்மாவை நினைச்சுப் பாருங்க."

"உம்மாவைக் கதைக்க வேணாம் தம்பி."

இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம், அதற்குள் முதலீட்டாளர்கள் முடிவு சொல்லிவிடக் கூடும் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அங்கே வாடிக்கையாளரின் இயந்திரங்கள் நின்றுகொண்டிருக்கின்றன, அதற்குள் யாருடைய என்ன கணக்கு இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்றார். அன்று பின்னேரமே எழுதி முடித்தார். மென்பொருளில் ஒன்பது வரிகள்தான். மேசையில் இருந்த சிப்பில் போட்டு நான்கு நாள் சும்மா விட்டோம். நிற்கவில்லை. அனுப்பிவிட்டார்.

பணிப்பாளர் அவரைப் பெயர் சொல்லி எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார். அடுத்த கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்ணாடிகள் செய்யப்போவதில்லை. வாடிக்கையாளர் மின்கணக்கைப் பார்த்துவிட்டு விலகிவிட்டார். கையில் இருக்கும் சிப்புகளைச் சின்ன நிறுவனங்களுக்கு, குறைந்த தரம் என்று சொல்லி விற்கலாம். அடுத்த செயலிக்கு வீதிகளையும் வெளியே ஆயத்தமாக வாங்கப்போகிறார்கள். அதனால் திருகோணமலை அலுவலகத்துக்கு வேலை இல்லை. யாரிலும் குற்றம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல மனிதர். அந்தப் பெண்ணுக்குத் தலைமை அலுவலகத்தில் இடம் உண்டு, வர வேண்டும் அவ்வளவுதான் என்றார். அவரால் ஏலாது என்றேன். தாயையும் கூட்டி வரலாமே என்றார். நடக்க முடியாத, வேறு பாஷை தெரியாத, எழுபத்திரண்டு வயது மனுஷி. 

அந்தப் பெண்ணிடம் சொன்னபோது தலையை ஆட்டினார். எதிர்பார்த்ததுதான் சேர் என்றார். கிளிவெட்டிக்காரருக்கு வந்த கோபம் அவருக்கு வரவில்லை. "ஒன்பது வரி," என்று கிளிவெட்டிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒன்பது வரியில எங்களை முடிச்சிட்டீங்க ராத்தா."  அடுத்த மாதமே மலேசியாவில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் படிக்கட்டில் நின்று கதைத்தார்கள், நான் உள்ளே இருந்தேன்.

எட்டு இயந்திரங்களைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பினோம். காற்றாடிகளில் அன்று முப்பத்தேழுதான் வேலை செய்தன. மூன்று எப்போது நின்றன என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு மிஞ்சிய கடைசி வேலை குறைபாட்டு அறிக்கை. செயலி விற்கும் எல்லோரும் அப்படி ஒன்று வெளியிடுவார்கள். தெரிந்த பிழைகளை இலக்கமிட்டு, என்ன நடக்கும், எப்படித் தவிர்க்கலாம், திருத்தப்படுமா என்று மூன்று பகுதியாக எழுதுவது வழமை. எங்கள் செயலிக்கு இருபத்துமூன்று பிழைகள். அது அதிகம் அல்ல, நான் பார்த்தவற்றில் நூறு தாண்டியவையும் உண்டு. அந்தப் பெண்ணின் வீதியில் வந்தது பத்தொன்பதாவது. வீதியை வரைந்தவர் என்பதால் அவரே எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

முதல் இரண்டு பகுதிகளையும் அவர் எழுதினார். மின்வெட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறிக்கையில் அதற்கு இடமும் இல்லை. முப்பத்திரண்டுக்கு மேற்பட்ட கோர்கள் ஒரே நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்தால் செயலி நின்றுவிடலாம். பதினாறு கோர்களையாவது விழிப்பில் வைத்திருக்கவும். மூன்றாவது பகுதி தலைமை அலுவலகத்திலிருந்து நிரப்பப்பட்டு வந்தது: திருத்தும் திட்டம் இல்லை. அவர் வரைந்து, ஓட்டி, தேறிய திருத்தம் மேசையில் சிப் இருந்த பலகைக்குப் பக்கத்திலிருந்த கணினியில் அப்படியே இருந்தது.

அறையில் இரண்டு கதிரைகள்தான் மிஞ்சியிருந்தன. ஒன்றை இழுத்துப் பக்கத்தில் இருந்து அந்தப் பந்தியை வாசித்தேன். எண்கள் சரியா என்று பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தன. ஒரு காற்புள்ளியை மாற்றச் சொன்னேன், மாற்றினார்.

"இதுக்குக் கீழ எழுதின ஆள்ட பேர் போடுவாங்களா சேர்?"

"இல்லை பிள்ளை. போடுவதில்லை."

"நல்லது," என்று சொல்லி அனுப்பிவிட்டு, பையை எடுத்தார். உம்மாவுக்கு ஐந்து மணிக்குக் குளிசை கொடுக்க வேண்டும், பஸ் போய்விடும் என்றார்.